நாம நின்ன இடம்

முத்தலைத்துறையில் தொட்டி வெடித்தபோது நீங்கள் எங்கே இருந்தீர்கள் என்று இந்த நாட்டில் யாரைத் தட்டி எழுப்பிக் கேட்டாலும் பதில் தயாராக இருக்கும். திருநெல்வேலி ஜங்ஷன் பக்கம் ஒரு டீக்கடை. நெருக்கி உட்கார்ந்தால் எட்டுப் பேர். அந்தக் கடை டிவிக்கு முன்னால்தான் அன்று நின்றேன் என்று எங்கள் பதிவகத்தில் சத்தியம் செய்தவர்கள் மட்டும் ஆயிரத்து நூற்று நாற்பது பேர். அவர்களில் ஒருவர்கூடத் தெரிந்து பொய் சொல்லவில்லை. கொடுமையே அதுதான்.

என் பெயர் உலகம்மாள். நினைவுப் பதிவகத்தின் பாளையங்கோட்டைக் கிளையில் சரிபார்ப்பாளர். பதினொரு வருடங்களுக்கு முன் ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் முத்தலைத்துறை ரசாயன ஆலையில் அம்மோனியா தொட்டி வெடித்தது. நாலாயிரத்துச் சொச்சம் பேர் மதியச் சாப்பாட்டுக்கு முன் செத்துப்போனார்கள். அந்த நாளை நாடு எப்படி நினைவில் வைத்திருக்கிறது என்று சரிபார்த்துப் பதிந்து வைப்பது எங்கள் வேலை. சர்க்கார் சம்பளம், தலைக்கு மேல் ஃபேன். குறை சொன்னால் வாய் அழுகிவிடும்.

அன்று பதிவின் கடைசி நாள். மாலை ஐந்து மணிக்கு ஏடு மூடப்படும். அதற்குப் பிறகு அதில் இருப்பதுதான் வரலாறு, பள்ளிப் பாடப்புத்தகத்துக்கும் அதுதான் போகும். மூன்று மணி தாண்டியபின் வெள்ளைக் கோலைத் தட்டிக்கொண்டு ஒரு பெண் தனியாக உள்ளே வந்தாள். ஐம்பது வயதைத் தாண்டியவள். கண்கள் திறந்திருந்தன, ஆனால் எதையும் பார்க்கவில்லை.

"எம்மா, எம்பேரு மரியதங்கம். நான் எஸ்தாக்கி பொண்டாட்டி" என்றாள்.

வரிசையில் நின்றவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். எஸ்தாக்கி என்பது இப்போது பெயரில்லை, வசவு. வகுப்பில் தூங்கும் பயலை வாத்தியார் எஸ்தாக்கி என்பார். காவல்காரன் கண் அசந்தால் 'எஸ்தாக்கி வேலை பாக்கான்' என்பார்கள். நானே எத்தனையோ முறை சொல்லியிருக்கிறேன். ஆலையின் அபாயச் சங்கை ஊத வேண்டியவன் எஸ்தாக்கி. வாயு கசிந்து பத்துப் பதினைந்து நிமிடம் கழித்துத்தான் தொட்டி வெடித்தது. சங்கு ஊதியிருந்தால் பாதி ஊர் தப்பியிருக்கும். ஊத வேண்டியவன் சங்கு அறையில் இல்லை, கீழே கேட்டில் பொண்டாட்டியோடு பேசிக்கொண்டு நின்றான் என்று விசாரணை ஆணையம் எழுதியது. அதற்கு ஆதாரம் அந்தப் பொண்டாட்டியின் வாக்குமூலமே.

அவளை என் அறைக்குள் கூட்டி வந்து கதவைச் சாத்தினேன். அவளை வேறு மேசைக்கு விடவில்லை. ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

"அக்கா, உக்காருங்க. இந்த மிஷின் என்ன செய்யும்னு தெரிஞ்சுதான் வந்திருக்கீங்களா?"

"ஆளாளுக்கு ஒண்ணு சொல்லுதாவ. நீங்க சொல்லுங்க."

"கிறிஸ்துமசுக்குக் கிறிஸ்துமஸ் சுவத்துக்கு வெள்ளை அடிப்பீங்கல்லா? நினைப்பும் அப்படித்தான். ஒவ்வொரு தடவை நினைக்கும்போதும் மேல ஒரு பூச்சு விழுது. பத்து வருசம் போனா முதல்ல என்ன நிறம் இருந்துச்சுன்னு நமக்கே தெரியாது. இந்த மிஷின் அடியில கிடக்கிற முதல் பூச்சைப் படிக்கும். படம் மங்கலாத்தான் வரும். சத்தம் சுத்தமா வரும். அன்னைக்கு உங்க காதுல விழுந்தது அப்படியே ஸ்பீக்கர்ல கேக்கும்."

"நல்லதுலா. அது போதும்."

"முதல் பூச்சைச் சுரண்டி எடுத்தா மேல உள்ளதும் சேந்து வந்துரும் அக்கா. அந்த ஒரு மணி நேரம் பிறகு உங்ககிட்ட இருக்காது. சுத்தமாப் போயிரும்."

அவள் கோலை மடியில் கிடத்தினாள்.

"அதுலதான் அவிய சத்தம் இருக்கு" என்றாள். "மூக்குக்கண்ணாடியை மறந்துட்டுப் போயிட்டாவன்னு நான்தான் கொண்டு போனேன். சங்கு அறை கேட்டுக்கு மேல இருக்கும். ஜன்னல் வழியா எட்டிப் பாத்து, 'தங்கம், வெயில்ல நிக்காத, வேம்புக்குக் கீழ போ'ன்னாவ. அன்னைக்கே எனக்குக் கண்ணு போச்சு. அவிய மூஞ்சி எப்படி இருக்கும்னு மறந்தே போச்சு எம்மா. இந்தச் சத்தம் மட்டுந்தான் மிச்சம். காலையில எந்திரிச்சதும் ஒருக்கா நினைச்சுக் கேட்டுக்கிடுவேன்."

பதினொரு வருடம், தினம் ஒரு பூச்சு. நாலாயிரம் பூச்சு விழுந்த அந்தக் குரல் இப்போது எஸ்தாக்கியின் குரல்தானா என்றுகூடச் சொல்ல முடியாது. அதை நான் அவளிடம் சொல்லவில்லை.

"பிறகு எதுக்கு அக்கா இப்ப வந்து உக்காருதீங்க?"

"பேத்தியை இந்த வருசம் பள்ளிக்கூடத்துல போட்டுருக்கு. தாத்தா பேரு என்னன்னு கேட்டா வாயத் திறக்க மாட்டேங்கா. அஞ்சு வயசுப் பிள்ளை. நான் செத்துப்போனா அந்தச் சத்தமும் என்கூடப் போயிரும். பேரு போவாதுல்லா, புத்தகத்துல நிக்கும்லா?"

அன்று நடந்ததைச் சொல்லச் சொன்னேன். சொன்னாள்.

"அவிய மேலதான் இருந்தாவ. கீழ நானும் ஒரு சர்க்கார் ஆபீசர் ஐயாவும் நிக்கோம். வாடை வந்துச்சு. அவிய மேல இருந்து 'ஐயா ஊதட்டுமா, ஐயா ஊதட்டுமா'ன்னு கேக்காவ. முந்துன வாரம் சோதனைக்குச் சங்கு ஊதி, ஜனம் தெறிச்சு ஓடி, ரெண்டு பேரு மிதிபட்டுச் செத்தாவ. அதுலருந்து ஆபீசர் சொல்லாம ஊதக்கூடாதுன்னு உத்தரவு. ஐயா 'பொறு, மேல கேட்டுச் சொல்லுதேன்'னாரு. பொறுத்தோம். பொறுத்துக்கிட்டே இருந்தோம். பிறகு ஜீப்பு போற சத்தம் கேட்டுச்சு. ஐயா இல்ல."

"இதை அப்பவே சொல்லலியா?"

"சொன்னேன்லா! ஆஸ்பத்திரியில கண்ணுக்குக் கட்டு போட்டுக் கிடக்கேன். டேப்பு வச்சுக்கிட்டு ஒருத்தர் வந்து 'சொல்லும்மா'ன்னாரு. சத்தத்தைக் கேட்டதும் கண்டுக்கிட்டேன், அதே ஐயாதான். கூட நின்னவருக்கு நான் என்னத்தப் புதுசா விளக்க? 'நாம கேட்டுல நின்னோம்லா ஐயா, அப்பதான வாடை வந்துச்சு'ன்னேன். சரின்னாரு. மிச்சத்தை அவரே சொல்லிருவாருன்னு நம்பிக் கிடந்தேன். பிறகு பாத்தா, அவியளும் நானும் கேட்டுல நின்னதாப் பேப்பர்ல வந்துருக்குங்காவ. நான் அப்படிச் சொல்லவே இல்லியே எம்மா. பேரு தெரியாத ஆபீசரை எங்க போய்த் தேட? அவிய பேரை வையுதாவன்னு டிவிப் பக்கமே நான் போறதில்ல. எழுதிப் போட்ட மனு எல்லாம் 'அன்று அங்கே அலுவலர் எவரும் இல்லை'ன்னு திரும்பி வந்துச்சு."

அவளை வேறு மேசைக்கு விடாத காரணம் இதுதான். அந்த வாக்குமூலத்தை ஆங்கிலத்தில் எழுதியவள் நான்.

அப்போது எனக்கு இருபத்தாறு வயது. சென்னையில் ஆணையத்தின் அலுவலகம். விசாரித்த மூன்று நீதிபதிகளுக்கும் தமிழ் தெரியாது. ஒரு வாரத்தில் முந்நூறு டேப்பை மொழிபெயர்க்க வேண்டும். நாம, நாங்க இரண்டுக்கும் ஆங்கிலத்தில் ஒரே சொல்: வீ. அதைத்தான் எழுதினேன். படித்த நீதிபதிகளுக்கு அது அவளும் புருஷனும் ஆகிவிட்டது. தமிழில் இந்த இரண்டையும் மூன்று வயதுக் குழந்தைகூட மாற்றிச் சொல்லாது. 'நாங்க சினிமாவுக்குப் போறோம்' என்றால் அழும், 'நாம போறோம்' என்றால் செருப்பைத் தேடும். ஆனால் படிக்காத பெண், வலியில் கிடக்கிறாள், நாங்க என்பதை வாய் தவறி நாம என்று சொல்லிவிட்டாள் என்று நான் நினைத்துக்கொண்டேன். அப்படித்தான் என் நினைவில் இருந்தது.

டேப்புகளை அப்போதே அழித்துவிட்டார்கள். எடுத்தவர் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் 'பணி அலுவலர்' என்று மட்டும் இருந்தது. நான் வாயால் சொன்னால் செல்லாது. எட்டுப் பேர் கடையில் ஆயிரம் பேர் நின்ற நாட்டில் இனி யாருடைய வாய்ச்சொல்லும் சாட்சி ஆகாது என்று சட்டம் வந்து நாலு வருடம் ஆகிறது. முதல் பூச்சு மட்டும்தான் சாட்சி. ஆனால் அவள் குரலும், கேட்ட அதிகாரியின் குரலும் இன்னோர் இடத்தில் பதிந்திருந்தன. என் காதில்.

"அக்கா, நீங்க உக்கார வேண்டாம். நான் உக்காருதேன்" என்றேன். எல்லாவற்றையும் சொன்னேன்.

அவள் முகம் இறுகியது. "வேணும்னா அப்படி எழுதுனீங்க?"

"சத்தியமா இல்லக்கா. நீங்க வாய் தவறிச் சொல்லிட்டீங்கன்னு நெனச்சேன்."

அவள் காற்றில் துழாவி என் கையைப் பிடித்தாள். உள்ளங்கை சொரசொரவென்று இருந்தது.

"வேணும்னு இல்லேல்லா. பிறகென்ன. கொஞ்ச வயசுப் பிள்ளைக்கு என்ன தெரியும்? வாங்க, நாம உள்ள போவோம்."

நாம என்றாள். அந்தக் கையை விடாமலே எழுந்தேன்.

மிஷின் அறையில் மீராசா இருந்தான். மிஷினை இயக்குபவன், எண்ணிப் பேசுகிற ஆள். நாற்காலியில் உட்காரும் யாரும் முதலில் முன்னறிக்கை எழுத வேண்டும். எதை நினைவில் வைத்திருப்பதாக நினைக்கிறோமோ அதை நம் கையால் எழுதித் தர வேண்டும், ஒப்பிட்டுப் பார்க்க. எழுதினேன்: 'டேப்பை ஒரே தடவை கேட்டேன். நாம என்று காதில் விழுந்தது. வாய் தவறியது என்று நினைத்து, வீ என்று எழுதினேன். கேள்வி கேட்ட ஆணின் குரல் யாருடையது என்று தெரியாது.' மீராசா படித்தான், என்னைப் பார்த்தான், முத்திரை குத்தினான்.

அப்போது கதவு திறந்தது. எங்கள் இயக்குநர் சிதம்பரதாணு. நான் ஆணையத்தில் சேர்ந்த நாளிலிருந்து எனக்கு அவர்தான் மேலதிகாரி. நினைவு நாள் வந்தால் டிவியில் அவர்தான் வருவார். வெடித்த நேரத்தில் கலெக்டர் ஆபீஸ் கூட்டத்தில் இருந்ததாகவும், சேதி கேட்டு டீக் கப் கையிலிருந்து நழுவி விழுந்ததாகவும் சொல்வார். சொல்லும்போது கண் கலங்கும். பார்க்கிற எனக்கும் கலங்கும்.

"என்ன உலகு, கடைசி நாள்ல இது என்ன கிறுக்கு?"

"அஞ்சு மணிக்குள்ள முடிஞ்சிரும் சார்."

மேசையில் கிடந்த முன்னறிக்கையை எடுத்துப் படித்தார்.

"ஒரு எழுத்தைப் பிடிச்சுக்கிட்டுத் தொங்குவாங்களா? சில பேரு தன்னையே நாமன்னுதான் சொல்லிக்கிடுவாங்க. ஆணையம் முடிச்ச விஷயம். இந்தம்மாவுக்கு வேணும்னா நான் ஒரு உதவித்தொகைக்கு எழுதுதேன்."

பின்னால் கோல் கீழே விழும் சத்தம் கேட்டது. மரியதங்கம் சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றிருந்தாள்.

"இந்தச் சத்தந்தான்" என்றாள். "எம்மா, இந்த ஐயாதான். 'பொறு'ன்னாருல்லா, இந்தச் சத்தந்தான்."

தாணு சார் அவளைப் பார்க்கவே இல்லை. என்னிடம் நெருங்கி வந்து குரலைத் தாழ்த்தினார்.

"குருட்டுப் பொம்பளை ஏதோ உளறுதா. உலகு, பதினொரு வருஷமா எங்க மாத்தல் ஆனாலும் உன்னைக் கூடவே கூட்டிக்கிட்டுப் போறேனே, ஏன்னு யோசிச்சிருக்கியா?"

"நான் ஒழுங்கா வேலை பாக்கேன்னு சார்."

என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். அவர் கண்ணில் இருந்தது கோபமா, பயமா, அல்லது என் மேல் பரிதாபமா என்று எனக்குப் புரியவில்லை.

"அப்படித்தான் நெனச்சுக்கிட்டிருக்கியா?" என்றார். "உக்காராத உலகு. என் நல்லதுக்கு மட்டும் சொல்லலை."

"முத்திரை விழுந்தாச்சு சார்" என்றான் மீராசா. "இனி யாரும் நிறுத்த முடியாது. மணி நாலு இருபது."

நாற்காலியில் உட்கார்ந்தேன். மீராசா தலைக்கவசத்தை மாட்டினான். "அன்னைக்கு எங்க இருந்தீங்க?" என்று விதிப்படி கேட்டான். "டேப் ரூம்ல" என்றேன். கண்ணை மூடினேன். மூடிக்கொண்டது நினைவிருக்கிறது.

கண்ணைத் திறந்தபோது நாலு ஐம்பது. நாக்கில் உப்புச் சுவை. டேப் அறை என்று நினைத்துப் பார்த்தேன். அங்கே ஒன்றுமே இல்லை, வெறும் சுவர்கூட இல்லை. மீராசா அச்சடித்த தாளை மேசையில் வைத்தான். என் முகத்தை ஏறிட்டுப் பார்க்கவில்லை.

"ஸ்பீக்கர்ல போட்டீங்களா?"

"விதி அது. எல்லாரும் கேட்டாங்க."

எடுத்துப் படித்தேன். முதலில் ஆண் குரல்: சொல்லும்மா. மரியதங்கத்தின் குரல்: நாம கேட்டுல நின்னோம்லா ஐயா, அப்பதான வாடை வந்துச்சு. ஆண் குரல்: சரி, அதை விடு. மேலே சொல்லு. பதிவகத்தில் உள்ள குரல்களோடு ஒப்பிட்டு, இந்த ஆண் குரலுக்கு எதிரே மிஷின் பெயரையே போட்டிருந்தது: சிதம்பரதாணு.

அப்பாடா என்று பெருமூச்சு விட்டேன். தாள் முடியவில்லை.

டேப்பைப் பின்னுக்கு ஓட்டும் சத்தம். அதே வரி. மறுபடி பின்னுக்கு. மொத்தம் நாலு தடவை. பிறகு என் குரல், தனக்குத்தானே: 'அய்யய்யோ. இது தாணு சார்லா? அப்ப இவரு அங்கதான் இருந்திருக்காரு.'

பிறகு கதவு திறக்கும் சத்தம். தாணு சார் குரல், இந்த முறை டேப்பில் இல்லை, அறைக்குள்: 'என்ன உலகு, எதுவரைக்கும் வந்திருக்கு?'

என் குரல்: 'முத்தலைத்துறை டேப்பு முடிஞ்சுது சார்.'

'அதுல சிக்கல் ஏதும் இருக்கா?'

ஏழு நொடி மௌனம் என்று மிஷின் குறித்திருந்தது.

'இல்ல சார்.'

'நல்லது. இந்த வேலை முடியட்டும், உன்னை நிரந்தரமாக்கச் சொல்லியிருக்கேன்.'

'ரொம்ப தேங்க்ஸ் சார்.'

பிறகு தட்டச்சுச் சத்தம். இரண்டே எழுத்து.

முன்னறிக்கை ஒரு கையிலும் இது ஒரு கையிலுமாக உட்கார்ந்திருந்தேன். அது என் கையெழுத்து, இது என் குரல். வாய் தவறியது என்று நினைத்தேனாம். ஒரே தடவைதான் கேட்டேனாம். பதினொரு வருடமாக எவ்வளவு பொறுமையாக வெள்ளை அடித்திருக்கிறேன்! எனக்கு வெட்கமாக இருந்தது, உடம்பெல்லாம் கூசியது. அழுகை வரவில்லை. செய்தது எதுவும் நினைவில் இல்லாதவள் எதை நினைத்து அழுவது?

நாலு ஐம்பத்தாறுக்கு மீராசா ஏட்டில் பதிந்தான். எஸ்தாக்கி தன் இடத்தில் இருந்தார். சங்கு ஊத அனுமதி கேட்டார். அனுமதி தரப்படவில்லை. கீழே என் பெயரும் தாணு சார் பெயரும் ஏறின. ஐந்து மணிக்கு ஏடு மூடிக்கொண்டது.

வராந்தா பெஞ்சில் தாணு சார் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் யாரும் இல்லை. "நான் கலெக்டர் ஆபீஸ்லதான் இருந்தேன்" என்று சொல்லிக்கொண்டிருந்தார். "டீக் கப்பு நழுவி விழுந்துச்சு. நல்லா ஞாபகம் இருக்கு." நான் நிற்காமல் கடந்து போனேன்.

மரியதங்கம் வாசல் படியில் இறங்கிக்கொண்டிருந்தாள். ஓடிப்போய்க் கை நீட்டினேன். அவளுக்குத் தெரியாது என்று நினைத்து, "அக்கா, நான்தான், உலகம்மா" என்றேன்.

"தெரியுது" என்றாள். கோலை ஒரு கையிலிருந்து மறுகைக்கு மாற்றிக்கொண்டாள். நீட்டிய கை அப்படியே நின்றது.

"அக்கா, எனக்கு நெஜமாவே..."

"ஞாபகம் இல்லேன்னுதான சொல்லப்போறீங்க? நம்புதேன்." ஒரு படி இறங்கினாள். "பேரைத் திருப்பித் தந்துட்டீங்க. அவிய சத்தமும் எங்கிட்டயே இருக்கு. அதுக்கு உங்களுக்கு ஸ்தோத்திரம்."

"பஸ் ஸ்டாண்டு வரைக்கும் கூட வரட்டா?"

"வேண்டாம்."

வெயில் இன்னும் தாழவில்லை. வெளி கேட்டுக்குப் பக்கத்தில் ஒரு வேம்பு நின்றது. கோலால் தட்டித் தட்டி அதன் நிழலுக்குப் போய்ச் சேர்ந்தாள். பிறகு நான் நின்ற பக்கமாகத் திரும்பினாள்.

"நாங்க போயிட்டு வாரோம் எம்மா" என்றாள்.

அவள் வரும்போது தனியாகத்தான் வந்தாள். இப்போதும் பக்கத்தில் யாரும் இல்லை. கோல் தட்டும் சத்தம் தேயும்வரை அங்கேயே நின்றேன். ஆங்கிலத்தில் எழுதச் சொன்னால் அதையும் நான் வீ என்றுதான் எழுத வேண்டியிருக்கும்.